சாமர்செட்காரரிடம் அப்பா சொன்னது

என் மனைவி நிலக்கரியைப் பற்றி முதன்முதலாக ஆர்வத்தோடு பேசியபோது எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அது என் அப்பா வெட்டிய நிலக்கரி அல்ல. இங்கிலாந்தில் சாமர்செட் என்றொரு மாவட்டத்தில், மாடு மேயும் புல்வெளிக்கு அடியில், யாரோ படுத்துக்கொண்டே வெட்டிய நிலக்கரி.

நான் நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அங்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தார். இப்போது ஆஸ்திரேலியாவில், மெல்போர்னுக்கு மேற்கே பொயிண்ட் குக்கில் எங்கள் வீடு. எனக்கு ரயில்வே சிக்னல் வடிவமைக்கும் வேலை. அவளுக்கு உள்ளூர் நூலகத்தில் வேலை. வியாழக்கிழமை காலைகளில் ஓய்வுபெற்றவர்களுக்காக நூலகத்தில் ஒரு கூட்டம் நடக்கும். யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்ததைப் பேசுவார், பிறகு தேநீரும் பிஸ்கட்டும். பேச ஆள் பிடிப்பது அவள் பொறுப்பு. அப்படிப் பிடித்தவர்தான் இந்த சாமர்செட்காரர்.

வயது எழுபதைத் தாண்டிய மனிதர். பதினைந்து வயதில் சுரங்கத்தில் இறங்கி, இருபது சொச்சம் வயதில் சுரங்கத்தை மூடியதும் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றிருந்தார். மனைவி இறந்துவிட்டார். எங்களுக்குப் பக்கத்து ஊரான வெரிபீயில் தனியாக இருந்தார். தன் மாவட்டத்து நிலக்கரியின் கதையை நான்கு வாரம் பேச ஒப்புக்கொண்டிருந்தார். எழுதத் தெரியாது, சொல்லத்தான் தெரியும் என்பதால் என் மனைவி அவர் வீட்டுக்குப் போய் அவர் சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்து, படங்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்தாள்.

முதல் வாரம் வந்து சொன்னாள்: "அங்க நிலக்கரி அடுக்கு நம்ம கட்டில் உயரம்கூட இல்லையாம். ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டே வெட்டுவாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

இரண்டாவது வாரம் ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். கறுப்புப் பாறைச் சில்லு. அதில் ஒரு பெரணி இலை, நேற்றுப் பறித்து ஒட்டியதுபோல. சுரங்கத்துக் கூரையிலிருந்து எடுத்ததாம். அவருடைய அப்பா அவருக்குக் கொடுத்தது. ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று இவளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். சமையலறை ஜன்னலில், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே கழுவினாள். மூன்றாவது வாரம் தயிர்சாதத்தில் மாதுளை முத்துப் போட்டு ஒரு டப்பாவில் எடுத்துப் போனாள். எங்கள் வீட்டுத் தயிர்சாதத்தில் அதுவரை மாதுளை விழுந்ததில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த வயதானவர்மேல் அவளுக்கு வேறு எண்ணம் உண்டென்று நான் நினைக்கவில்லை. அப்படி இருந்தால்கூட ஒரு கணக்கில் அடங்கியிருக்கும். நிலக்கரிக்காரன் மகனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள், நிலக்கரி என்ற சொல்லையே இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல நடந்துகொண்டதுதான் பொறுக்கவில்லை. என் நிலக்கரி என்ன மட்டமா?

கடைசி வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் நூலகத்துக்குப் போனேன். வருவதாக அவளிடம் சொல்லவில்லை. பின்வரிசையில் எனக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர் இருந்தார். நான்கு வாரமும் வந்தவராம்.

"பேச்சு எப்படி அங்கிள்?" என்று கேட்டேன். மோசம் என்று சொல்லமாட்டாரா என்றிருந்தது.

"ஓம் தம்பி, மனுசன் நல்லாக் கதைக்கிறார். நான் தேத்தண்ணிக்குத்தான் முதல்ல வந்தனான். இப்ப கதைக்கே வாறன்."

சாமர்செட்காரர் உட்கார்ந்தபடியே பேசினார். குட்டையான உருவம். அகலமான தோள். அவருடைய ஆங்கிலம் தொலைக்காட்சியில் கேட்கிற ஆங்கிலமல்ல. சொற்களின் நடுவே 'ர' உருண்டு உருண்டு வந்தது. என் மனைவி பக்கத்தில் நின்று படங்களை மாற்றினாள். அவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் இவள் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் சொன்ன கதை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறக்கவேண்டும் என்றுதான் கேட்டேன், முடியவில்லை. சாமர்செட் என்றால் ஆங்கிலேயர்களுக்கே ஆப்பிள் தோட்டமும் பாலாடைக்கட்டியும்தான் நினைவுக்கு வருமாம். அங்கே நிலக்கரி எடுத்தார்கள் என்றால் பக்கத்து மாவட்டத்துக்காரன்கூட நம்பமாட்டானாம். ஒரே வீட்டில் அண்ணன் மாடு கறப்பான், தம்பி சுரங்கத்தில் இறங்குவான். பூமிக்குள் அடுக்குகள் கசக்கிய துணிபோல மடிந்து கிடந்ததால் இயந்திரம் உள்ளே நுழையாது. அவருடைய தாத்தா காலத்திலும் அப்பாவின் சிறுவயதிலும் பையன்கள் இடுப்பில் கயிறு கட்டி, அதிலிருந்து கால்களுக்கு நடுவே ஒரு சங்கிலியைப் பின்னால் விட்டு, நிலக்கரி ஏற்றிய சறுக்குப் பலகையை நாலுகாலில் தவழ்ந்து இழுப்பார்களாம். அப்பா இறந்தபோது உடலைக் குளிப்பாட்டியவர் இவர்தான். இடுப்பைச் சுற்றி அந்தக் கயிற்றின் தழும்பு அப்போதும் இருந்ததாம்.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தச் சுரங்கங்களையெல்லாம் மூடிவிட்டார்கள். கழிவு மலைகள்மேல் ஊசியிலை மரங்கள் வளர்ந்து, தெரியாதவர்களுக்கு அவை சாதாரணக் குன்றுகள். ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். இதைச் சொன்னபோது என் எரிச்சல் உச்சத்துக்குப் போனது. மூடிய சுரங்கத்துக்கு இத்தனை மரியாதை. எங்கள் சுரங்கத்தைப் பற்றி ஊரில் யாராவது பேசினால், ஒன்று கரண்ட்டைப் பற்றிப் பேசுவார்கள், இல்லாவிட்டால் நிலத்தைப் பற்றி. அதில் வேலை செய்தவனின் இடுப்பைப் பற்றி யார் பேசினார்கள்?

கேள்வி நேரத்தில் நான் எழுந்தேன். என்னைப் பார்த்ததும் மனைவியின் முகம் மாறியது.

"உங்கள் மாவட்டம் முழுவதும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு எத்தனை டன் எடுத்திருப்பீர்கள்?" என்று கேட்டேன். "ஏன் கேட்கிறேன் என்றால், என் அப்பா வேலை பார்த்த இடத்தில் ஒரே இயந்திரம் ஒரு ஆறு மாடிக் கட்டட உயரத்துக்கு இருக்கும். அதன் சக்கரம் சுற்றினால் மலையே கரையும். நீங்கள் சொல்வதெல்லாம் எங்களுக்கு ஒரு மத்தியானத்து வேலை."

பின்வரிசை அங்கிள் என் சட்டையைப் பிடித்து லேசாக இழுத்தார். சாமர்செட்காரர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"திறந்த சுரங்கமா? அப்படியென்றால் உங்கள் அப்பாவுக்கு வானம் தெரிந்திருக்குமே! குளிர்காலத்தில் என் அப்பா சூரியனைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். உங்கள் அப்பா இருக்கிறாரா? நான் அவரோடு பேசலாமா?"

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும். நான் சொல்லுகிறேன்" என்றாள் என் மனைவி, மேடையிலிருந்து.

காரில் அவளோடு திரும்பினேன். ரவுண்டபவுட்டைத் தாண்டியதும் பேசினாள்.

"என்னங்க அது, எத்தனை டன்னுன்னு? அவர் அப்பாவோட தழும்பைப் பத்திச் சொல்லிட்டிருக்காரு, நீங்க எடை போடுறீங்க?"

"எங்கப்பாவைப் பத்தி நீ என்னைக்காவது கேட்டிருக்கியா?"

"கேட்டேனே. கல்யாணமான புதுசுல. மைன்ஸ் எப்படியிருக்கும்னு கேட்டேன். பெரிய பள்ளம்னீங்க. அதோட முடிஞ்சுது."

"பெரிய பள்ளம்தானே!"

"அப்ப அதையே அவர்கிட்டயும் சொல்லியிருக்க வேண்டியதுதானே."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சாமர்செட்காரர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். வடலூரில் என் தங்கை வீட்டில் அப்போது காலை நேரம். அப்பா எண்பதைத் தாண்டியவர், தங்கையோடுதான் இருக்கிறார். வீடியோ அழைப்பில் அவர் திரையில் தெரிந்ததும் எனக்கு ஆச்சரியம். அவரும் புதுச் சட்டை போட்டு, முகம் மழித்து, நெற்றியில் திருநீறு இட்டிருந்தார். என்னோடு பேசும்போது அவர் முண்டா பனியனோடுதான் இருப்பார். "சாப்பிட்டியா? அங்க மழையா? வேலை எப்படிப் போவுது?" என்று மூன்று கேள்வி கேட்பார். நான் பதில் சொன்னதும் போனைத் தங்கையிடம் கொடுத்துவிடுவார்.

நான் மொழிபெயர்க்கலாம் என்று நாற்காலியை இழுத்தேன். மனைவி ஏற்கெனவே நடுவில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க டீ போடுங்க" என்றாள். நான் அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்தே எல்லாம் கேட்டது, திரையும் தெரிந்தது.

முதலில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். சாமர்செட்காரர் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தகர டப்பாவில் கொண்டுபோவாராம், எலி தின்னாமல் இருக்க. அப்பா சிரித்தார். "எங்களுக்கு எலி கெடையாது தொரை. புழுதிதான். சோத்தைத் தொறந்தா ரெண்டு நிமிசத்துல பழுப்பாயிடும். குழம்பு ஊத்தாமலே குழம்பு சோறு." பிறகு அப்பா கேட்டார், படுத்துக்கொண்டே வெட்டினால் எழுந்திருக்கும்போது இடுப்பு என்ன ஆகும் என்று. சாமர்செட்காரர் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். திரையில் அப்பாவின் தோள் குலுங்கியது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு சாமர்செட்காரர் கேட்டார்: "அங்கே எதற்குப் பயப்படுவீர்கள்?"

மனைவி மொழிபெயர்த்தாள். "மாமா, அங்க எதுக்கு உங்களுக்குப் பயமா இருக்கும்னு கேக்குறாரு."

நான் அடுப்பைச் சின்னதாக்கினேன்.

"சத்தம் நின்னுடுமோன்னுதாம்மா" என்றார் அப்பா. "நெலக்கரிக்குக் கீழ தண்ணி. மேல வரணும் வரணும்னு முட்டிக்கிட்டு நிக்கும். பம்பு ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கணும். அந்தச் சத்தம் ஒரு நாளும் நின்னதில்ல. ஆனா நின்னா என்னான்னு ஒரு நெனப்பு அடிவயித்துல இருந்துக்கிட்டே இருக்கும். வீட்டுக்கு வந்தா சத்தமில்லாம இருக்கும் பாரு, தூக்கம் வராது. நின்னுபோச்சோன்னு முழிச்சுக்குவேன். அதான் மார்கழிலகூட ஃபேனை முழுசா சுத்த விட்டுட்டுப் படுப்பேன். பசங்க குளுருதுன்னு திட்டும்."

நான் கையில் வடிகட்டியோடு நின்றேன். திட்டிய பசங்களில் நானும் ஒருவன். குவார்ட்டர்ஸில் ஒரே அறையில் எல்லோரும் படுப்போம். மார்கழிக் குளிரில் போர்வைக்கு அண்ணனும் நானும் அடித்துக்கொள்வோம். அப்பாவுக்கு உடம்புச் சூடு என்று அம்மா சொல்வாள். அதை இத்தனை காலம் நம்பியிருந்தேன். உண்மையான காரணத்தை, முதல் நாள் முகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரருக்கு அப்பா சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அந்தப் பொறாமை இடம் மாறியது. மனைவி அவர் பக்கம் சாய்ந்ததெல்லாம் எனக்குச் சின்ன விஷயமாகிவிட்டது. அப்பாவை அவர் எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது. டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அவர் "இனிப்பு சரியாக இருக்கிறது" என்றார். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பேச்சு அதோடு நிற்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை அவர்கள் பேசத் தொடங்கினார்கள். என் மனைவிக்குச் சனிக்கிழமை நூலக வேலை இருந்தால், சாமர்செட்காரர் தன் வீட்டிலிருந்தே அழைப்பார். வடலூரில் என் தங்கை மகள், காலேஜில் படிப்பவள், மொழிபெயர்ப்பாள். நான் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அழைத்தால் அப்பா என்னைத் தாண்டி என் பின்னால் தேடுவார்.

"தொரை வரலையா?"

"அவர் வீடு வேறப்பா."

"சரி, சாப்பிட்டியா?"

ஒரு ஞாயிறு நான் முடிவோடு உட்கார்ந்தேன். அவர் கேட்டுத்தானே அப்பா சொல்கிறார், நானும் கேட்கிறேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அப்பா, மைன்ஸ்ல மொத நாள் எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதான் போன வாரம் தொரைகிட்ட சொல்லிட்டேனேப்பா. மறுபடி எதுக்கு? அவர்கிட்ட கேளு, சொல்வாரு." போன் தங்கையிடம் போய்விட்டது.

மனைவியிடம் கேட்டேன். "போன வாரமா? அன்னைக்கு எனக்கு டியூட்டி. நான் இல்லை" என்றாள். தங்கை மகளிடம் கேட்கலாம். ஆனால் அப்பாவின் கதையை மருமகளிடம் கெஞ்சிக் கேட்கும் மாமன் என்று ஆகிவிடுவேன். அடுத்த சனிக்கிழமை மனைவி வேலைக்குப் போனதும் காரை எடுத்துக்கொண்டு வெரிபீக்குப் போனேன்.

அவர் என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. தோட்டத்துத் தக்காளியைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். எதற்கு வந்தேன் என்று சொன்னேன். சொல்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேனே" என்றார். பிறகு சொன்னார்.

அப்பா பிறந்த ஊர் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த ஊர்களில் ஒன்று. அது எனக்குத் தெரியும். அப்பா பையனாக இருந்தபோதே குடும்பம் வேறிடம் போய்விட்டது. வளர்ந்து அதே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதுவும் தெரியும். எனக்குத் தெரியாதது இதுதான். முதல் நாள் சரிவுப் பாதையில் லாரியில் இறங்கி அடியில் போய் நின்றதும் எல்லோரும் பெரிய இயந்திரத்தைப் பார்த்தார்களாம். அப்பா மட்டும் தங்கள் வீட்டுக் கிணறு எங்கே இருந்திருக்கும் என்று தேடினாராம். தரையில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, பிறகு நிமிர்ந்தாராம். கிணறு தலைக்கு மேலே, வெறும் காற்றில் இருந்திருக்கிறது. அதன் அடிமட்டத்துக்கும் வெகு கீழே அவர் நின்றுகொண்டிருந்தார்.

என் அப்பா அண்ணாந்து பார்த்ததை நான் சாமர்செட் ஆங்கிலத்தில், உருளும் 'ர' வோடு, தக்காளி வாசனையில் கேட்டேன். இந்த மனிதர் எனக்கு முன்பே இதைக் கேட்டுவிட்டாரே என்ற எண்ணமும் கூடவே இருந்தது. எதிரே இருந்தவரைத் தள்ளிவிட்டு அவர் நாற்காலியில் நான் உட்கார வேண்டும் போலிருந்தது.

"ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை" என்றார் அவர். "உங்கள் தாத்தா அந்தக் கிணற்றில் இரண்டு மாடுகளையும் ஒரு கவலையையும் வைத்துத் தண்ணீர் இறைத்தார் என்று அந்தப் பெண் சொன்னாள். கவலையை வைத்து எப்படி இறைப்பது? அழகாக இருக்கிறது என்று கேட்காமல் விட்டுவிட்டேன்."

எனக்கும் ஒரு நொடி புரியவில்லை. பிறகு அவர் வீட்டு மேசையைத் தட்டிச் சிரித்தேன். எங்கள் பக்கம் மாடு கட்டி இறைக்கிற ஏற்றத்துக்குக் கவலை என்றுதான் பெயர். மதுரைப் பக்கம் கமலை என்பார்கள். காலேஜில் படிக்கிற பெண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கவலைதான், அதை அப்படியே 'வொரி' என்று இங்கிலீஷில் போட்டுவிட்டாள். ஒரு தாளை வாங்கி மாடு, கயிறு, தோல் வாளி, சரிவு என்று கோணல்மாணலாக வரைந்து காட்டினேன்.

"மாடுகள் பின்னால் நடக்குமா, முன்னால் நடக்குமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. போனை எடுத்து வடலூருக்கு அடித்தேன். அப்பா பனியனோடு வந்தார். சாமர்செட்காரரைப் பார்த்ததும் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"தொரை, குட் மார்னிங்!"

கேள்வியை நான் சொன்னேன். அப்பா சொல்லத் தொடங்கினார். மாடு சரிவில் முன்னால் இறங்கும்போது வாளி மேலே வரும், பின்னால் நடந்தே ஏறும்போது வாளி கீழே போகும். கயிற்றின்மேல் சிறுவனாக இருந்த அப்பா உட்கார்ந்துகொண்டு இறங்குவாராம், பாரம் கூடட்டும் என்று. அப்பாவுக்கு அப்போது என்ன வயது, மாடுகளுக்கு என்ன பெயர், தண்ணீர் எந்த ருசி என்று சாமர்செட்காரர் கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றையும் நான் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னேன். அப்பா ஒருமுறைகூட என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவரைப் பார்த்தேதான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் என் வழியாகத்தான் போகவேண்டியிருந்தது.

முடிவில் அப்பா என்னிடம் சொன்னார், "நீ சரியாச் சொல்றியான்னு அவரைக் கேளு."

அதையும் நானே மொழிபெயர்த்தேன். சாமர்செட்காரர் கட்டைவிரலை உயர்த்தினார்.

"மருமவ இன்னும் நல்லாச் சொல்லும்" என்றார் அப்பா. "இருந்தாலும் பரவால்ல. அடுத்த வாரமும் வா."

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி வேலை முடிந்து வந்திருந்தாள். ஒரு பை தக்காளியை மேசையில் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"அங்கயா போனீங்க? மாமாகிட்ட பேசினீங்களா? என்ன சொன்னாரு?"

"நிறையச் சொன்னாரு. கிணத்தைப் பத்தி. மொத நாளைப் பத்தி."

"என்னை விட்டுட்டா? நான் வர்ற வரைக்கும் இருக்கக்கூடாதா? இத்தனை நாள் நான் உக்காந்து கேட்டிருக்கேன், முக்கியமானதை மட்டும் நீங்க போய்க் கேட்டுட்டு வந்துட்டீங்க!"

அவள் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அத்தனை மாதங்களாக அதைத்தான் நான் விழுங்கிக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு இதமாக இருந்தது. கை கால் கழுவி, இருவருக்கும் காப்பி கலந்து, நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சொல்லுங்களேன்" என்றாள்.

"சொல்றேன், இரு. சூடா இருக்கு" என்றேன்.